உறை

ஏழு மீன்கள், மூன்று பாலிதீன் பைகளில்,
ஆக்சிஜனில் உப்பிக்கொண்டு வந்து இறங்கின
ஒரு டாக்சியின் பின்சீட்டிலிருந்து.
வேலை போன ரெக்ஸ்லின்
ஹொரமாவு வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கனடா போகிறான்.
ஃபில்டரை விற்றுவிட்டான்.
மீனை விற்க மனம் வரவில்லையாம்.
"உங்ககிட்டதான் குளம் இருக்கே."

இருந்தது குளமில்லை.
முன்பிருந்தவர் எதற்கோ கட்டிப் பாதியில் விட்ட தொட்டி.
நாலாயிரம் லிட்டர், லிங்கராஜபுரம்,
கறிவேப்பிலைக்கும் துணிக்கொடிக்கும் நடுவே.

சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால்
மஞ்சள் வந்தால் நலம்,
பச்சை வந்தால் அம்மோனியா.
பச்சை கெட்ட சேதியாவது எனக்கு இதுவே முதல் தடவை.
வந்தது,
என் பள்ளிக்கூடப் பாவாடைப் பச்சை.

சிவாஜிநகர் கடையில் முனிகிருஷ்ணா
மணல் ஃபில்டரைத் தட்டிக் காட்டினார்.
நீச்சல் குளத்துக்கே இதுதான் மேடம்.
வாரம் ஒருதரம் திருப்பிக் கழுவணும்,
முன்னூறு லிட்டர் போகும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானை
ஸ்கூட்டரில் வைத்து வீடுவரை கொண்டுவந்தேன்.
தெருமுனையில் டேங்கர்.
ஷாஹீன் இரண்டு கேனோடு வரிசையில்.
முன்னூறை இருபதால் வகுத்தேன்:
பதினைந்து கேன்.
அவளைப் பார்த்துக் கையசைத்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

ஜெபசிங்குக்கு டிரம் ஃபில்டர் மேல் ஆசை.
தானே சுற்றும், தானே கழுவிக்கொள்ளும்,
ஒரு லட்சத்து அறுபதாயிரம்.
அவர் வீடியோவைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே
நாலு மணி மழை வந்தது,
கரண்ட் போனது.
மேற்கொண்டு அவர் பேசவில்லை.

தட்டுத் தட்டாக நீர் விழும் ஷவர் வகை அழகுதான்.
ஆனால் மாடியில் லிஜி நர்ஸ்,
இரவெல்லாம் ஐசியூ, பகலில் தூக்கம்.
நாள் முழுக்க அவள் தலைமாட்டில்
அருவி வைக்க முடியாது.

கடைசியில் இரண்டு நீல டிரம்.
முதலாவதில் பிரஷ்கள், கசடு அடியில் தங்க.
இரண்டாவதில் ஸ்பாஞ்ச்.
அங்கிருந்து வழிந்து, ஜல்லி நிரப்பிய தொட்டியில்
நாலு கல்வாழையைத் தாண்டிக் குளத்துக்கு.
வாரக் கழிவு மூன்று வாளி.
ஒன்று கறிவேப்பிலைக்கு.
இரண்டை ஷாஹீன் தன் மிளகாய்த் தொட்டிகளுக்குக் கேட்டாள்,
முகர்ந்து பார்த்துவிட்டு:
"காயில மீன் வாசம் வருமா?"
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

எல்லாம் ஓடியது.
தண்ணீர் கண்ணாடி.
குப்பியில் அதே பாவாடைப் பச்சை.
மீன்கள் மேலே வந்து
காற்றைக் கடித்தன.

ஃபில்டர் எதையும் சுத்தம் செய்வதில்லை,
அழுக்கைத் தின்கிறவர்களுக்கு அது வீடு மட்டும்.
என் வீடு புத்தம் புதிது.
குடிவர ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள்.
ஆறு வாரம் தாங்குமா இந்த ஏழும்?

பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு
உறைமோர் இல்லாமல் நிற்கிற ராத்திரி போலிருந்தது.
அப்போதுதான் தோன்றியது.

ரெக்ஸ்லினின் ஃபில்டரை வாங்கியவர்
ஹெண்ணூரில் ஒரு பல் டாக்டர், ஹெப்பார்.
போனில் சொன்னேன்:
சார், அந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வேண்டும்.
தயவுசெய்து கழுவாதீர்கள்.
"அழுக்கோடவா?"
அழுக்குதான் சார் வேண்டும்.
நெடுநேரம் மறுமுனையில்
யாருக்கோ பல் ராவும் சத்தம்.

எவர்சில்வர் தூக்கில் குளத்து நீரோடு
கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன்.
பழுப்பு நிறம், மண்வாடை.
இந்த மீன்களின் பழைய அழுக்கைத் தின்று வளர்ந்தவை,
இவற்றை அறிந்தவை.
குழாய்த் தண்ணீர் படாமல் கைகழுவாமல்
இரண்டாவது டிரம்மில் இறக்கினேன்.

பதினோராம் நாள்.
குப்பியை வெள்ளைத் தாளில் சாய்த்துப் பார்க்கிறோம்,
ஜெபசிங், நான், பணி முடிந்து வந்த லிஜி.
மஞ்சள் என்கிறார் அவர்.
லிஜி உதட்டைப் பிதுக்குகிறாள்.
எனக்கு அது எலுமிச்சை,
வெயில் பட்ட பக்கம் மட்டும்
பழுக்கத் தொடங்கியது.

வெளியே டேங்கர் ஹாரன்.